நாத்தனார் எல்லார் கவனத்தையும் தன் பக்கம் இழுப்பது நோயா?

இல்லை. உங்கள் நாத்தனார் ஒரு வளைகாப்பில் தலைசுற்றல் என்று படுத்ததாகவும், யார் பேசினாலும் பேச்சைத் தன் பக்கம் திருப்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்து அவருக்கு ‘ஹிஸ்ட்ரியானிக்’ ஆளுமைக் கோளாறு, அதாவது எப்போதும் கவனம் தேடி உணர்ச்சியை மிகையாகக் காட்டும் மனநலக் கோளாறு, என்று சொல்ல முடியாது. மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு அதற்கு 8 அறிகுறிகள் சொல்கிறது. குறைந்தது 5 இருக்க வேண்டும், அதுவும் இளவயதிலிருந்தே.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது வேறு. சாதாரண நாளில் அவரிடம் யாரும் பேசுவதில்லை. அழுதால் மட்டும், சில தடவை, வீடே ஓடி வருகிறது. இப்படி எப்போதாவது பலன் தரும் பழக்கம்தான் லேசில் விடாது.

இரண்டு வாரம் இதைச் செய்து பாருங்கள். அவர் அழும் முன்பே, தினமும் பத்து நிமிடம் நீங்களாகப் போய் உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசுங்கள். ஆர்ப்பாட்டம் தொடங்கினால் திட்டாமல், கெஞ்சாமல், “சரி அண்ணி, அப்புறம் பேசலாம்” என்று நகர்ந்துவிடுங்கள். முதலில் கொஞ்சம் அதிகமாகும், அது வழக்கம்தான்.

ஆனால் தலைசுற்றலை நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். ரத்தசோகையிலும் தலைசுற்றும், ஹீமோகுளோபின், பிபி இரண்டையும் பார்த்துவிடுங்கள். “செத்துப்போறேன்” என்று சொன்னால் ஒதுக்கவே கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.