ஆர்.சி. புத்தகம் இல்லாத பழைய ஜாவா: வாங்கலாமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒருவரிடம் 1968 மாடல் ஜாவா பைக் இருக்கிறது. அவருடைய அப்பா ஓட்டியது; அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நம்பர் பிளேட் அப்படியே இருக்கிறது, ஆர்.சி. புத்தகம்தான் இல்லை. ‘விண்டேஜ்’ பிரிவில் என் பெயருக்குப் புதிதாகப் பதிவு செய்து தினமும் ஓட்ட முடியுமா?

பதில்: அந்த வழியில் முடியாது. வேறு வழி இருக்கிறது. அது திறக்குமா என்பது அந்த நம்பர் பிளேட்டில் உள்ள எண் அரசுப் பதிவேட்டில் இன்னும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

முதலில் விண்டேஜ் மயக்கத்தைத் தெளிவித்துவிடுகிறேன். 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவு, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கானது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகள் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் அலுவலகம் போய்வர முடியாது. அதைவிட முக்கியம், இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் விண்ணப்பத்தோடு பழைய ஆர்.சி.யையும் இணைக்கச் சொல்கிறது விதி. காகிதம் இல்லாதவர்களுக்கான பொதுமன்னிப்புத் திட்டம் என்று பலர் இதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை.

ஆகவே எண்ணிலிருந்து தொடங்குங்கள். 1989-க்கு முந்தைய எண் என்பதால் மூன்று எழுத்தும் அதிகபட்சம் நான்கு இலக்கமுமாக இருக்கும். வண்டிப் பதிவுகளுக்கான அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. பதறாதீர்கள், கணினிக்கு ஏற்றப்படாத பழைய பதிவுகள் ஏராளம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்க வேண்டியது ‘பி ரிஜிஸ்டர்’ நகல், அதாவது அந்த வண்டியின் பதிவு விவரங்கள் உள்ள அலுவலகப் பதிவேட்டின் பிரதி. எந்த அலுவலகம் என்பதில்தான் பலர் அலைகிறார்கள். 1968-ல் திண்டுக்கல் தனி மாவட்டம் அல்ல, மதுரை மாவட்டத்தின் பகுதி. தனியாகப் பிரிந்தது 1985-ல்தான். எனவே பழைய பதிவேடு மதுரையில் இருக்கவே வாய்ப்பு அதிகம். பதிவேடு கிடைத்தால், அதைக் கணினியில் ஏற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அலுவலகத்தில் இதை ‘பேக்லாக் என்ட்ரி’ என்பார்கள். அது முடியும்வரை வேறு எந்த விண்ணப்பமும் நகராது.

அலுவலகம் போவதற்கு முன் வண்டியிலேயே ஒரு வேலை இருக்கிறது. ஹேண்டில்பாருக்குக் கீழே, ஸ்டியரிங் கழுத்தில் சேஸிஸ் எண் (வண்டிச் சட்டத்தின் அடையாள எண்) பொறித்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கிரீஸையும் துருவையும் மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். ஆழம் குறைந்த எழுத்துகள் அழிந்தால் அதன்பின் எந்த ஆய்வாளரும் அந்த வண்டியைத் தொடமாட்டார். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். என்ஜின் எண்ணுக்கும் அப்படியே. இரண்டும் பதிவேட்டோடு பொருந்த வேண்டும். என்ஜின் மட்டும் மாறியிருந்தால், அந்த என்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீது காட்டி ஒப்புதல் பெறும் வழி உண்டு. சேஸிஸ் எண்ணே சுரண்டப்பட்டோ வெல்டிங் செய்யப்பட்டோ இருந்தால் விலகிவிடுங்கள். கையோடு, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் அது திருட்டு வண்டியா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது உரிமைச் சங்கிலி. பதிவேட்டில் இருப்பது அப்பாவின் பெயர். ஆகவே ஆர்.சி. தொலைந்துவிட்டது என்று விண்ணப்பிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அவருடைய வாரிசுக்குத்தான் உண்டு. தொலைந்ததற்கான காவல்துறை அறிக்கையோடு படிவம் 26-ல் நகல் ஆர்.சி., இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்துப் படிவம் 31-ல் மகன் பெயருக்கு மாற்றம், பிறகு படிவம் 29, 30 வழியாக உங்கள் பெயருக்கு. மகனுக்கு அக்கா தங்கை இருந்தால் அவர்களிடமும் ஆட்சேபனையில்லை என்று எழுதி வாங்க வேண்டும். சட்டச் சிக்கலைவிடக் குடும்பச் சிக்கல்தான் இங்கே பெரும்பாலும் வேலையை இழுக்கும். ‘அப்பா வண்டியை நீ எப்படி விற்கலாம்’ என்று தொடங்கினால் வருடக்கணக்கில் நிற்கும்.

பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. ஐந்தைந்து ஆண்டுகளுக்குத்தான் தருவார்கள். வரிப் பாக்கி, பசுமை வரி (பழைய வண்டிகளுக்கான கூடுதல் வரி), தாமதக் கட்டணம் எல்லாம் சேர்ந்து எவ்வளவு வரும் என்று விலை பேசுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் படிவம் முதலில் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். எழுத்தரிடம் ஒரே தடவையில் முழுப் பட்டியலையும் கேட்டு எழுதிவாங்குவது நல்லது. புதுப்பிப்பதற்கான ஆய்வுக்கு வண்டியைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போங்கள். செல்லுபடியாகும் பதிவும் காப்பீடும் இல்லாமல் ஓட்டிப்போய் வழியில் ஒருவர் மீது இடித்தால், இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும். கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான ஓட்டுநர் உரிமம் இருந்தால் போதும். பழைய வண்டிக்கென்று தனி உரிமம் கிடையாது.

பதிவேட்டில் எண்ணே கிடைக்கவில்லை, அல்லது பதிவு ரத்தாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு புரோக்கர் கட்டாயம் வருவார்: ‘இதே மாடலுக்கு நல்ல பேப்பர் இருக்கிறது, நம்பரைப் பஞ்ச் செய்துவிடலாம்.’ சேஸிஸ் எண்ணை மாற்றிப் பொறிப்பது குற்றம். வண்டியும் பறிபோகும், வழக்கும் வரும். அப்படிப்பட்ட நிலையில் அந்த ஜாவாவை உதிரி பாகங்களின் விலைக்கு மட்டும் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பி ரிஜிஸ்டர் நகல் கைக்கு வரும்வரை முன்பணமாகச் சிறு தொகைக்கு மேல் கொடுக்க வேண்டாம். மீதித் தொகையில் ஒரு பகுதியை, மகன் பெயருக்கு ஆர்.சி. மாறி, படிவம் 29, 30-ல் அவர் கையெழுத்திடும் அன்று தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.