வரும் மின்னஞ்சல்களை மேக்ரோ எப்படித் தானாகவே கையாளுகிறது?

திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை ஒருமுறை எழுதிவைத்துவிடும் கட்டளைத் தொகுப்புதான் மேக்ரோ. மைக்ரோசாஃப்ட்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக்கில் இதை விபிஏ என்ற நிரல் மொழியில் எழுதுவார்கள். புது அஞ்சல் வந்ததும் அவுட்லுக் உள்ளுக்குள் ஒரு தகவல் கொடுக்கும். அதோடு இணைத்துவைத்த மேக்ரோ உடனே ஓடி, அனுப்பியவர் யார், தலைப்பில் 'இன்வாய்ஸ்' என்று இருக்கிறதா, இணைப்பு பிடிஎஃப்தானா என்றெல்லாம் பார்த்து, கோப்பைத் தேதியோடு பெயரிட்டு உரிய ஃபோல்டரில் சேமித்துவிடும். வாசலில் தபாலை வாங்கி, உறையைப் பார்த்து, யார் மேசைக்கு எது என்று பிரித்துவைக்கும் ஆள் மாதிரி. அஞ்சலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்த மட்டும்தான் என்றால் இதெல்லாம் வேண்டாம், அவுட்லுக்கிலேயே அமைத்துவைக்கும் சாதாரண ரூலே (விதி) போதும்.

அப்புறம், பலர் நினைப்பதுபோல மேக்ரோ சர்வரில் ஓடுவதில்லை: உங்கள் கணினியில் அவுட்லுக் திறந்திருந்தால்தான் ஓடும், அதுவும் பழைய அவுட்லுக்கில்தான், புதியதில் விபிஏ கிடையாது.