சுண்ணாம்பை மட்டும் அங்கே வைத்துவிடாதீர்கள்!

கேள்வி: கல்யாணமாகி 7 வருஷம். கணவருக்கு மலேசியாவில் வேலை, தீபாவளிக்கு வந்து போனார். இப்போது எனக்குப் பிறப்புறுப்பு ஓரமாகச் சின்னச் சின்ன மருக்கள் கொத்தாக வந்திருக்கின்றன, வலி இல்லை. அவருக்கும் கீழுதட்டின் உள்ளே ஒன்று இருக்கிறது, வீடியோ காலில் காட்டினார். மாமியாரிடம் கழுத்தில் மரு என்று பொய் சொல்லிக் கேட்டேன். சுண்ணாம்பு வை, அப்புறம் கோவிலில் உப்பும் மிளகும் கொட்டு என்றார். என் கணவர் அங்கே தப்பு செய்தாரா? எனக்குப் புற்றுநோய் வருமா?
- பெயர் வேண்டாம், காரைக்குடி பக்கம்

பதில்: உப்பு, மிளகு உங்கள் விருப்பம். சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், அந்த இடத்துத் தோல் வெந்து புண்ணாகிவிடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எச்.பி.வி. என்ற, பெரும்பாலும் உடலுறவில் தொற்றும் வைரஸால் வரும் மரு மாதிரித் தெரிகிறது, ஆனால் டாக்டர் நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதானே. இந்த வைரஸ் உடம்புக்குள் போய்ச் சில மாதம், சிலருக்கு வருஷக்கணக்கில்கூட, சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் மருவாக வெளியே தெரியும், அதனால் முதலில் யாருக்கு வந்தது, எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. தீபாவளியை வைத்துக் கணக்குப் போட்டால் சண்டைதான் மிச்சம். அவர் உதட்டில் இருப்பது எச்சில் சுரப்பி அடைத்து வந்த வெறும் நீர்க்கட்டியாகக்கூட இருக்கலாம், வீடியோ காலில் என்ன தெரியும்? அங்கேயே பல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். புகையிலை போடுகிறவர் என்றால் தள்ளிப்போடவே கூடாது.

புற்றுநோய் பயம்: மருவைக் கிளப்புவது பெரும்பாலும் இந்த வைரஸின் 6, 11 என்ற வகைகள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் 16, 18 போன்ற வேறு வகைகள், தொண்டையில் வருவதற்கு முக்கியமாக 16. மருவே புற்றுநோயாக மாறிவிடும் என்று பயப்படாதீர்கள். ஆனால் ஒருவருக்கே இரண்டு விதமும் சேர்ந்து தொற்றலாம், அதனால் 30 வயது தாண்டியிருந்தால் கருப்பை வாய்ப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள்.

மருவுக்கு மருந்து தடவுவார்கள், இல்லையென்றால் உறையவைத்தோ கருக்கியோ எடுப்பார்கள். கொஞ்ச நாளில் திரும்ப முளைக்கலாம், மறுபடி போக வேண்டியதுதான். நாள் தள்ளிப்போயிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சில மருந்துகள் கர்ப்பிணிக்கு ஆகாது.

காரைக்குடியில் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருந்தால், சரி, சிவகங்கைக்குப் பஸ் ஏறுங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல், பால்வினை நோய்ப் பிரிவு எங்கே என்று கேட்டால் போதும்.