பத்தாயிரம் கட்டினால் கேஸ் முடிந்ததா?

கேள்வி: வயது 26. குரூப் 2 முடிவுக்காகக் காத்திருக்கிறேன். நண்பன் கல்யாண வரவேற்பில் இரண்டு பீர் குடித்துவிட்டு பைக்கில் திரும்பும்போது வேளச்சேரியில் மடக்கி ஊதச் சொன்னார்கள். 86 காட்டியது. சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியைப் பிடித்து வைத்துவிட்டார்கள். எனக்கு முன்னால் வந்த காரை விட்டுவிட்டு, என்னை மட்டும் ஒருமையில் பேசி இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். வண்டி அப்பா பெயரில் இருக்கிறது. அவருக்கு இன்னும் தெரியாது. இருமல் மருந்து குடித்தேன் என்று வழக்கு நடத்தலாமா? அபராதம் கட்டினால் எல்லாம் முடிந்துவிடுமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி அந்தக் காவலரைப் பற்றித்தான். அவர் பேசியது தப்புதான். ஆனால் இந்த வழக்குக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனமில்லை. காரை விட்டதும் அப்படித்தான். அவனை விட்டார்கள் என்பதற்காக உங்களை விடமாட்டார்கள்.

சீட்டில் என்ன எண் இருக்கிறது என்பதுதான் விஷயம். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு வந்துவிடும். 34, 35 என்றிருந்தால் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று நானும் கேட்டுப் பார்ப்பேன். 86-ஐ வைத்துக்கொண்டு என்ன கேட்பது? இருமல் மருந்துக் கதையை மறந்துவிடுங்கள். இரண்டு பீர் என்று எனக்கே எழுதிவிட்டீர்கள்.

முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து இல்லை, யாருக்கும் காயமில்லை என்பதால் பெரும்பாலும் அபராதத்தோடு போய்விடும். ஒப்புக்கொண்டு கட்டிவிடுங்கள். வழக்கு நடத்தினால் நாலாவது வாய்தாவுக்குள் என் ஃபீஸே அதைத் தாண்டிவிடும்.

ஆனால் எதைக் கட்டுகிறீர்கள் என்று தெரிந்து கட்டுங்கள். ஹெல்மெட் போடாததற்கு ரோட்டிலேயே கட்டிவிட்டுப் போகிற மாதிரி இதில் முடியாது. இது நீதிமன்றத்துக்குத்தான் போகும். அங்கே ஒப்புக்கொண்டால் அது குற்றத் தீர்ப்பு. கையில் இருப்பது ரசீது மாதிரித் தெரியும், அவ்வளவுதான்.

இங்கேதான் பையன்கள் விழுகிறார்கள். காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வு, உடல்தகுதி எல்லாம் தாண்டிய ஒருவன் என்னிடம் வந்தான். குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா என்று படிவம் கேட்ட இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறான். ‘ஃபைன்தானே சார், ஜெயிலுக்கா போனேன்’ என்றான். பின்னணி விசாரணையில் அவன் குடித்துவிட்டு ஓட்டிய டிடி (டிரங்க் அண்ட் டிரைவ்) கேஸ் வெளியே வந்துவிட்டது. வேலை இல்லை என்று வந்த உத்தரவில் குடித்ததைப் பற்றி ஒரு வரிதான். மீதியெல்லாம் மறைத்ததைப் பற்றி.

2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பார்த்தது. உண்மையைச் சொன்னாலும் வேலை உறுதி என்று கிடையாது. நிர்வாகம் யோசித்து முடிவெடுக்கலாம். மறைத்தது அற்ப விஷயமென்றால் மன்னிக்கவும் செய்யலாம். ஆனால் அது அவர்கள் மனசு வைத்தால்தான். அதை நம்பி ‘இல்லை’ எழுதாதீர்கள். தீர்ப்பு நகலையும் ரசீதையும் வாங்கி வைத்து, வழக்கு எண், தேதியோடு படிவத்தில் நீங்களே எழுதிவிடுங்கள். அமெரிக்க விசா படிவத்திலும் கைதானதுண்டா, தண்டனை உண்டா என்று கேட்பார்கள். அங்கும் இதே கதைதான்.

அப்புறம் லைசென்ஸ். ஆர்.டி.ஓ. நோட்டீஸ் வரும், மூன்று மாதமாவது நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் பால் வாங்கக்கூட வண்டியை எடுக்காதீர்கள். அது தனி வழக்கு. குடித்து இரண்டாம் முறை மாட்டினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். அப்போது ‘கட்டிவிடுங்கள்’ என்று இவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டேன்.

வண்டியை விடுவிக்கப் போனால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரைத்தான் கேட்பார்கள். அதனால் ஸ்டேஷனிலிருந்து போன் வருவதற்குள் அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.