முதலில் எதைப் பார்த்தார்? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். திருட்டு வழக்கொன்றில் கைரேகை நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யும் வேலையை என்னிடம் விட்டிருக்கிறார். ‘ஆள் இவன்தான், பொருளும் எடுத்தாச்சு, ரேகையை மட்டும் பார்த்துச் சொல்லுங்க’ என்று சொல்லித்தான் இன்ஸ்பெக்டர் அனுப்பியிருக்கிறார். இதை ஒரு குறையாக எடுக்கலாமா? எனக்கே தயக்கம். ரேகை என்பது கணக்கு மாதிரி. நேர்மையான நிபுணர், யார் என்ன சொன்னாலும் இருப்பதைத்தானே சொல்வார்? அவரிடம் என்ன கேட்கலாம்? இனி இதையெல்லாம் ஏஐ பார்த்துவிடும் என்கிறார்களே?

எம்.

அன்புள்ள எம்.,

நடக்கிற வழக்கின் விவரங்களை முன்பின் தெரியாத ஒருவனுக்கு இப்படி எழுதி அனுப்பாதீர்கள். ஊர், ஸ்டேஷன், பெயர் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத்தான் போட்டிருக்கிறேன். உங்கள் சீனியர் பார்த்தால் என்னைவிட நன்றாகத் திட்டுவார்.

சரி. கொஞ்ச நாளாகவே பிராண்டன் மேஃபீல்ட் வழக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘நேர்மையான நிபுணர் இருப்பதைத்தானே சொல்வார்’ என்ற உங்கள் வரியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2004 மார்ச் 11, மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்து 190க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஒரு வேனில், குண்டை வெடிக்கவைக்கும் டெட்டனேட்டர்கள் இருந்த நீல பிளாஸ்டிக் பை கிடைத்தது. பையில் இருந்த ரேகையின் படத்தை ஸ்பெயின் போலீஸ் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்கு அனுப்பியது. அங்கே கணினி 20 பேரின் ரேகைகளைத் தேடி எடுத்துக் கொடுத்தது. அதில் நான்காவது, ஓரிகன் மாநில வழக்கறிஞர் மேஃபீல்டுடையது. ராணுவத்தில் இருந்தவர். ஒரு நிபுணர் பார்த்துவிட்டு இவர்தான் என்றார். இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். நூற்றுக்கு நூறு பொருத்தம் என்று எஃப்பிஐ எழுதிக்கொடுத்தது.

ஏப்ரல் 13 அன்று ஸ்பெயின் போலீஸ் ‘இல்லை’ என்று பதில் அனுப்பியது. உடனே எஃப்பிஐ என்ன செய்திருக்க வேண்டும்? ரேகையை மறுபடி எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, ஸ்பெயின்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல மாட்ரிட்டுக்கு ஆள் அனுப்பியது. மே 6 அன்று மேஃபீல்டைக் கைது செய்தார்கள். வீட்டைச் சோதித்தபோது கிடைத்த ‘ஸ்பானிஷ் ஆவணங்கள்’ பிள்ளைகளின் ஸ்பானிஷ் வீட்டுப்பாடம்! மே 19 அன்று நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் ரேகை மேஃபீல்டுடையதுதான் என்றார். அதே நாள் ஸ்பெயினிலிருந்து செய்தி வந்தது: ரேகை அல்ஜீரியாவைச் சேர்ந்த உனான் தாவூதுடையது. மறுநாள் மேஃபீல்டை விட்டார்கள். 2006இல் மன்னிப்பும் 20 லட்சம் டாலரும் கொடுத்தார்கள்.

அந்த நிபுணர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. இதுதான் உங்கள் தலையில் ஏற வேண்டும். மேஃபீல்ட் முஸ்லிமாக மாறியவர் என்பதுகூட முதலில் பார்த்தவருக்குத் தெரியாது. பின்னால் தெரிந்தது, மறுபரிசீலனைக்குக் குறுக்கே நின்றிருக்கலாம் என்று அமெரிக்க நீதி அமைச்சகத்தின் விசாரணை சொல்கிறது. ஆனால் தப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது. இரண்டு ரேகைக்கும், கோடுகள் முடிகிற அல்லது பிரிகிற இடங்களில் பத்துப் புள்ளிகள் அபூர்வமாக ஒத்துப்போயின. அதோடு, மேஃபீல்டின் தெளிவான ரேகையில் இருந்ததை எல்லாம் பையில் இருந்த மங்கலான ரேகையிலும் ‘பார்க்க’ ஆரம்பித்துவிட்டார்கள். தெரிந்த ரேகையிலிருந்து தெரியாத ரேகைக்குப் பின்னோக்கி நடந்திருக்கிறார்கள். பையில் இருந்த ரேகையின் மேல் இடது பகுதி மொத்தமாகவே ஒத்துவரவில்லை. ‘அது வேறொரு தொடுதல், மேலே பதிந்திருக்கிறது’ என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார்கள். ஒத்துப்போனால் சாட்சி, ஒத்துப்போகாவிட்டால் சமாதானம். இப்படிப் பார்த்தால் உங்கள் ரேகையும் என் ரேகையும்கூடப் பொருந்தும்.

கல்வெட்டு படியெடுக்கும் ஒரு பெரியவரோடு கொஞ்ச காலம் சுற்றியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, ஈரம் போனதும் மையை ஒற்றுவார். அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான். படித்ததை ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தாளில் எழுதி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு கோயிலில் அறிவிப்புப் பலகை ‘ராஜராஜன் காலத்தது’ என்றது. கல்லில் ‘திரும’ வரைக்கும் தெளிவு, அப்புறம் பொரிந்துபோயிருந்தது. கூட வந்த ஒருவர் ‘திருமகள் போல’ என்று ராஜராஜனின் மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் வரிகளை, உரக்கச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அங்கே நின்ற எல்லோருக்கும் அந்தப் பொரிந்த இடத்தில் ‘க’ தெரிந்தது. மேல்கோடு, இறங்கும் கோடு, எல்லாம் பளிச்சென்று. பெரியவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி ‘திருமன்னி வளர’ என்று ஆரம்பிக்கும். அதற்கும் முதல் மூன்று எழுத்து ‘திரும’தான். ‘இப்ப உங்க ஒருத்தர் கண்ணும் உங்க கண்ணு இல்லடா’ என்று சொல்லிவிட்டு, மறுநாள் விவரம் தெரியாத வேறு பையன்களைக் கூட்டிவந்தார்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் படித்த ஒரு வரியைக்கூட யாரும் தம் பெயரில் போட்டுக்கொள்ளாமல் விடவில்லை. அது தனிக்கதை, இங்கே வேண்டாம்.

நேர்மைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, எம். நேர்மையான ஆள்தான் இதில் அதிக ஆபத்து. பொய் சொல்கிறவருக்காவது தான் பொய் சொல்வது தெரியும். இடியல் ட்ரோர் என்ற ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ஐந்து கைரேகை நிபுணர்களிடம், சில ஆண்டுகளுக்கு முன் அவர்களே ‘பொருந்துகிறது’ என்று சொன்ன ரேகை ஜோடியையே கொடுத்தார்கள். ஆனால், ‘மேஃபீல்ட் வழக்கில் எஃப்பிஐ தப்பாகப் பொருத்திய ஜோடி இது’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று பேர் பொருந்தவில்லை என்றார்கள். ஒருவர் முடிவு சொல்ல முடியாது என்றார். தன் பழைய முடிவில் நின்றது ஒரே ஒருவர். ரேகை அதே ரேகை, கண்ணும் அதே கண். கணக்கு மாதிரி என்றீர்களே, எந்தக் கணக்கில் ஐயா விடை இப்படி மாறும்?

ஏஐ பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. மேஃபீல்டின் ரேகையைத் தேடி எடுத்துக் கொடுத்ததே கணினிதான். கோடிக்கணக்கான ரேகைகளில் தேடினால், வேறு ஆளுடையதாக இருந்தாலும் மிக நெருக்கமாக ஒத்த ஒன்று அகப்படத்தான் செய்யும்.

உங்கள் நிபுணரிடம் மரியாதையாகப் பேசுங்கள். அவர் பொய்யர் என்று நிரூபிக்கக் கிளம்பினால் நீதிபதிக்கு எரிச்சல்தான் வரும். சம்பவ இடத்தில் எடுத்த ரேகையில், அதாவது சான்ஸ் பிரிண்டில், என்னென்ன தெரிகிறது என்று, குற்றம் சாட்டப்பட்டவரின் ரேகையைப் பார்க்கும் முன்பே குறித்து வைத்தாரா என்று கேளுங்கள். குறித்திருந்தால் அந்தத் தாளைக் கேளுங்கள். மேஃபீல்ட் விவகாரத்துக்குப் பிறகு எஃப்பிஐ ஆய்வகமே இதை விதியாக்கிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் சொன்னதை அதற்கு அப்புறம் எடுங்கள். மற்றதை உங்கள் சீனியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், எனக்குக் கோர்ட்டு வாசல் பழக்கமில்லை.