டேப்லெட் கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடுமா?

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் பேச்சு வரவில்லை. டேப்லெட் பார்த்தே ஏ, பி, சி, நூறு வரை எண்கள் எல்லாம் கற்றுக்கொண்டான். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுக்கத்தான் தெரிகிறது. டேப்லெட்டை வாங்கி வைத்தால் தரையில் விழுந்து அலறுகிறான். இதில், படத்தைத் தொட்டால் பேசும் ஆப் ஒன்றைப் போடச் சொல்கிறார் தெரபிஸ்ட். அதுவும் வந்தால் வாயே திறக்க மாட்டானோ என்று பயமாக இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: அந்தப் பயம் வேண்டாம் அம்மா. பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெற்றோரில் பாதிப் பேர் என்னிடம் கேட்பது இதைத்தான். படம், சைகை, பேசும் கருவி என்று பழகியவர்களின் பேச்சு என்னவாகிறது என்று 2006-ல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. அதில் நம்பகமான பதிவுகளில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியது. 2014-ல் வந்த இன்னொரு ஆய்வில், அதிகம் பேசாத 61 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு விளையாட்டு வழியான பேச்சுப் பயிற்சியோடு பேசும் கருவியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றவர்களைவிட இவர்கள் தாமாக முன்வந்து சொல்வது அதிகமானது. 5 முதல் 8 வயதுப் பிள்ளைகள், உங்கள் மகனைவிடப் பெரியவர்கள்தான். அதற்காக நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஆப்பைப் போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டால் ஒன்றும் நடக்காது. முதலில் தொட வேண்டியது நீங்கள். சோப்புக் குமிழி ஊதுகிறீர்கள் என்று வையுங்கள். 'ஊது' படத்தை நீங்களே தொட்டு, வாயாலும் 'ஊது' என்று சொல்லி, ஊதுங்கள். பிறகு குச்சியை வாய்க்கருகில் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவன் விரலைப் பிடித்து அழுத்த வைக்காதீர்கள். படத்தைப் பார்த்தாலே போதும், ஊதிவிடுங்கள். சில நாள் 'ஊது ஊது ஊது' என்று விடாமல் தட்டித் தள்ளுவான்; தலைவலிதான், ஆனால் கைக்குழந்தையின் மழலை மாதிரி அது. தடுக்க வேண்டாம். 'வேண்டாம்', 'போதும்' இரண்டும் முதல் நாளிலிருந்தே திரையில் இருக்கட்டும். படங்களை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள், விரலுக்கு இடம்தான் பழகும்.

ஏ, பி, சி ஆப்களை நான் பெரிதாக மதிப்பதில்லை. நூறு வரை சொல்லத் தெரிந்தவனுக்குத் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அலறலுக்கு வருகிறேன். முடிந்தால் பேசுவதற்கென்று ஒரு பழைய டேப்லெட்டைத் தனியாக வையுங்கள். ஐபேடில் 'கைடட் ஆக்சஸ்', ஆண்ட்ராய்டில் 'ஸ்கிரீன் பின்னிங்' (புதியவற்றில் 'ஆப் பின்னிங்') போட்டுவிட்டால் அந்த ஆப்பை விட்டு யூடியூபுக்குத் தாவ முடியாது. வீடியோ பார்க்கும் டேப்லெட்டுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு: 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பேசும் டேப்லெட்டை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேட்டை செய்தான் என்று அதை ஒருபோதும் பிடுங்கி வைக்காதீர்கள், சரியா? வீடியோவை நிறுத்துமுன் அடுத்து என்ன என்பதைப் படமாகக் காட்டுங்கள்: ஊஞ்சல், குளியல், எதுவாகவும் இருக்கட்டும்.

அப்புறம், ஆப்பின் முதல் பக்கத்தை அச்செடுத்து லேமினேட் செய்து வையுங்கள். சார்ஜ் தீரும்போதும் குளியலறையிலும் அதுதான் கைகொடுக்கும்.