கம்பி ஒன்று, கம்பெனி பல
மின்கட்டணம் பற்றி வாசகர் கேள்விகளுக்கு, மதுரையில் மின்வாரியக் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்

கேள்வி: என் மகள் லண்டனில் இருக்கிறாள். அங்கே வீட்டுக்குக் கரண்ட் தரும் கம்பெனி பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாமாம். இங்கேயும் அப்படி வந்தால் போட்டியில் பில் குறையும்தானே ஐயா?
- வாசகி, செல்லூர்

பதில்: விடாமல் விலை பார்த்து மாறுகிறவர்களுக்குக் குறையும் அம்மா. மற்றவர்கள் நிலைமையைச் சொல்கிறேன்.

பிரிட்டன் 1990-ல் மின் விநியோகத்தைத் தனியாருக்கு விற்றது. 1999-க்குள் எல்லா வீடுகளுக்கும் கம்பெனி மாற்றும் உரிமை வந்தது. 2016-ல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் பார்த்தபோது, பெரிய 6 கம்பெனிகளின் வாடிக்கையாளர்களில் சுமார் 70 சதவீதம் பேர் எதையும் தேர்ந்தெடுக்காமல், விலை கூடிய திட்டத்திலேயே கிடந்தார்கள். அதிலும் மாறாமல் இருந்தவர்களில் வாடகைக்குக் குடியிருப்பவர்களும் வயதானவர்களும் வருமானம் குறைந்தவர்களும் அதிகம். கடைசியில் 2019 ஜனவரியில் விலைக்கு உச்சவரம்பு வைக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் 2021-ல், அங்கே கரண்ட் தயாரிக்கவும் பயன்படும் எரிவாயுவின் விலை எகிறியது. முன்கூட்டியே வாங்கி வைக்காத சின்னக் கம்பெனிகள் வரிசையாக விழுந்தன. ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ 30. வாடிக்கையாளர்கள் இருட்டில் நிற்கவில்லை, வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் அந்தச் செலவு, வீட்டுக்குச் சுமார் 94 பவுண்டு, எல்லோர் பில்லிலும் ஏறியது. லாபம் வந்தவரை கம்பெனிக்கு, நஷ்டம் வந்ததும் ஊருக்கு. இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

உங்கள் தெருவையே பாருங்கள். ஒரு டிரான்ஸ்பார்மர், ஒரு கம்பி. பில் எந்தக் கம்பெனி பெயரில் வந்தாலும், ஆடிக் காற்றில் கிளை முறிந்து விழுந்தால் போஸ்டில் ஏறப்போவது அதே லைன்மேன்தான். போட்டி நடப்பது கரண்டை வாங்கி விற்பதில் மட்டும். அந்த வியாபாரி முதலில் யாரைத் தேடிப் போவான்? தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடையைத்தான். கடைக்கு யூனிட் விலை அதிகம். வீடுகளுக்கு விலை தாழ்ந்திருப்பதில் அந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு. அவர்கள் கழன்றுவிட்டால் மிச்சத்தை யார் கட்டுவது? நான் ரீடிங் எடுத்த காலத்தில், வெள்ளை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "அண்ணே, 500 தாண்டிருச்சா?" என்று வாசலிலேயே கேட்பார்கள். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் இருந்த சலுகையும் போய்விடும். அந்தக் குடும்பங்கள் தலையில்தான் அது வந்து விழும்.

கேள்வி: டெல்லியில் தனியார் வந்த பிறகு நஷ்டம் குறைந்ததே?
- வாசகர், மேலூர்

பதில்: குறைந்தது, மறுக்க மாட்டேன். 2002-ல் பாதிக்கு மேல் இருந்த இழப்பு, அதாவது கொடுத்த கரண்டில் காசு வராமல் போன பங்கு, இன்று 10 சதவீதத்துக்கும் கீழ். திருட்டைப் பிடித்தார்கள், மீட்டர் மாற்றினார்கள். ஆனால் கட்டணத்தை உயர்த்தாமல் தள்ளிப்போட்டதில், கம்பெனிகளுக்கு மக்கள் கட்ட வேண்டிய பாக்கி பல ஆயிரம் கோடியாகிவிட்டது. அதைக் கெடு வைத்துத் தீர்க்கச் சொல்லி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒடிசா டெல்லிக்கும் முன்பே, 1999-ல் தனியாரிடம் கொடுத்தது. புயலுக்குப் பின் ஒரு கம்பெனி கைவிட்டுப் போனது. மற்ற மூன்று பகுதிகளின் உரிமத்தை 2015-ல் அந்த மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையமே ரத்து செய்தது.

கேள்வி: அப்படியானால் வாரியம் இப்போது இருப்பது போலவே இருக்கட்டும் என்கிறீர்களா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: இல்லவே இல்லை. டெல்லிக்காரன் செய்த மீட்டர் வேலையை வாரியமே செய்யலாம். ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்கும் ஒழுங்காக ஓடும் மீட்டர் இருந்தால், கரண்ட் எந்தத் தெருவில் காணாமல் போகிறது என்று தெரிந்துவிடும். இலவசத்துக்கான பணத்தை அரசு மாதாமாதம் வாரியத்துக்குக் கட்ட வேண்டும். கட்டண உயர்வு மனு வரும்போது, கட்டணத்தை முடிவு செய்யும் நம் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்கும். 2022 ஆகஸ்டில் மதுரையிலேயே கூட்டம் நடந்தது. அடுத்த முறை உங்கள் ஊரிலிருந்து நாலு பேராவது வந்து பேசுங்கள். வர முடியாதவர்கள் எழுதி அனுப்பலாம்.